ஊழும் முன்னறிவும்

மனிதன் தான் அறியாதவற்றையெல்லாம் ஊழ் என்றான். இடி விழுந்தாலும் ஊழ். கொள்ளை நோய் பரவினாலும் ஊழ். கடல் பொங்கி ஊரை விழுங்கினாலும் ஊழ். காரணம் தெரியாத துன்பத்துக்கு அவன் இட்ட பெயர் அது. அறியாமை நிலவிய காலத்தில் அவ்வாறு கூறியதிற் பெருங்குற்றம் ஏதுமில்லை. ஆனால் விஞ்ஞானம் வளர வளர ஊழின் எல்லை சுருங்கலாயிற்று. நோய்க்குக் கிருமி காரணம் என்று கண்ட பின், அசுத்த நீரை ஊருக்கு வழங்கிவிட்டு மக்கள் மாண்டது ஊழ் என்று கூற எந்த நகரசபைக்கும் உரிமை இல்லாது போயிற்று. முன்கூட்டி அறியப்பட்ட ஆபத்தைத் தடுக்கக்கூடியவன் தடுக்காது விடுவானாயின், அவன் அவ்வாபத்தின் பங்காளியாகிறான். எனவே, அறிவு பெருகுந்தோறும் பொறுப்பும் பெருகுகின்றது என்பது போதரும்.

இக்கருத்தை ஆராய்வதற்குத் தத்துவ நூல்களை நாடவேண்டிய அவசியமில்லை. ஐக்கிய அமெரிக்காவின் அணுமின் நிலையங்களில் வழங்கிவரும் வரண்ட விதியொன்றே போதுமானது. அணுவுலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கலங்களில் அடைத்து வெளியே கொண்டுசெல்லும் வேளையில், கடுங்காற்று வருமெனத் தோன்றினால் யாது செய்யவேண்டும் என்பதைக் கூறும் விதி அது. முதற்பார்வைக்குப் பொறியியலாளருக்கு மட்டுமே உரிய விடயமாக இது தோன்றலாம். சற்று உற்றுநோக்கின், அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உழைப்புக்கும் இடையிலுள்ள உறவு முழுவதும் அதனுள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் பொருள் இன்னதென விளங்கிக்கொள்வோம். அணுவுலையில் மின் உற்பத்திக்குப் பயன்பட்டுத் தீர்ந்த யூரேனிய எரிபொருள், உலையிலிருந்து எடுக்கப்பட்ட பின்னரும் வெப்பத்தையும் கொடிய கதிர்வீச்சையும் வெளியிட்டுக்கொண்டேயிருக்கும். ஆதலின் அது சில ஆண்டுகள் ஆழமான நீர்த்தொட்டியில் வைக்கப்படுகிறது. வெப்பம் ஓரளவு தணிந்ததும், நீருக்குள்ளேயே ஓர் உருக்குக் கலத்தினுள் இறக்கப்படுகிறது. பின்னர் நீர் வெளியேற்றப்பட்டு, உள்ளே ஈரம் போக்கப்பட்டு, ஈலியம் வாயு நிரப்பப்பட்டு, மூடி உருக்கி ஒட்டப்படுகிறது. இவ்வுட்கலத்தைத் தடித்த கொங்கிறீற்றாலும் உருக்காலும் ஆன பெரிய காப்புக்கலம் ஒன்றினுள் இறக்கித் திறந்த வெளியிலுள்ள கொங்கிறீற்று மேடையில் நிறுத்திவிடுவர். நிறைந்த கலம் ஒன்றின் எடை நூறு தொன்னுக்கு மேற்பட்டது. 1986இல் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள சறி அணுமின் நிலையத்திலே இத்தகைய உலர்சேமிப்புக்கு முதன்முதல் அனுமதி வழங்கப்பட்டது. இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில், தொட்டிகளிலும் கலங்களிலுமாக ஏறத்தாழ 90,000 தொன் எரிபொருள் காத்துக் கிடக்கின்றது.

மேடையில் நிற்கும் கலத்தைப் பற்றி விதி வகுத்தோர் மிகுந்த கவனம் செலுத்தியுள்ளனர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் ரோணேடோ எனப்படும் கொடிய சுழல்காற்று அடிக்கடி வீசுவதுண்டு. ஓராண்டில் ஒரு கோடியில் ஒன்று என்னும் அளவுக்கு அரிதான சுழல்காற்றைக்கூட மனத்திற்கொண்டே அவர்கள் கணக்கிட்டனர். 1974இல் வெளியான வழிகாட்டியில், மிகக் கடுமையான பிரதேசத்துக்கு மணிக்கு 360 மைல் வேகம் கொள்ளப்பட்டது. பிற்கால ஆய்வுகளின் பின், 2007இல் அது 230 மைலாகத் திருத்தப்பட்டது. காற்று மட்டுமன்று, அக்காற்று தூக்கியெறியும் பொருள்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. 4,000 இறாத்தல் எடையுள்ள மோட்டார் வண்டி ஒன்று. 15 அடி நீளமும் 287 இறாத்தல் எடையுமுள்ள உருக்குக் குழாய் ஒன்று. ஓரங்குல விட்டமுள்ள சிறிய உருக்குக் குண்டு ஒன்று. வண்டி மோதினால் கட்டடம் சரியுமா, குழாய் பாய்ந்தால் சுவர் துளைபடுமா, குண்டு ஏதாவதொரு துவாரத்தின் வழியே உள்ளே நுழையுமா என்றெல்லாம் ஆராயப்பட்டது. அழிவைக் கற்பனை செய்து அதற்கு எதிராகச் சுவரெழுப்பும் இம்முயற்சியை மனித அறிவின் மதிப்புமிக்க பேறுகளுள் ஒன்றெனக் கொள்வதில் தவறில்லை.

ஆயின், கலம் பிறந்தபோதே மேடையில் நின்றதில்லை. தொட்டியிலிருந்து மேடை வரை அது வந்து சேரவேண்டும். அந்த வழியிற் சில மணிநேரங்கள் உள்ளன. உட்கலத்தைச் சுமந்து வரும் இடம்மாற்றும் கலம், கொங்கிறீற்றுக் காப்புக்கலத்தைவிட மெலிந்தது. சில நிலையங்களில் அது காப்புக்கலத்தின் தலைமேல் ஏற்றி நிறுத்தப்படுகிறது; இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்து நிற்க, உள்ளிருக்கும் சுமை மேலிருந்து கீழே மெல்ல இறக்கப்படுகிறது. இவ்வேலை கட்டடத்துக்கு வெளியே நடைபெறும் இடங்களும் உண்டு. அந்நேரத்தில் சுமை பாரந்தூக்கியை நம்பியும், தொழிலாளரின் கையை நம்பியும், வானத்தை நம்பியும் இருக்கிறது. கலம் நின்றுகொண்டிருக்கும் ஆண்டுகளைவிட, அதை ஏற்றி இறக்கி நகர்த்தும் முதலாண்டிலேயே அபாயம் கூடுதல் என்பதை அமெரிக்க அணுசக்தி ஒழுங்காற்று ஆணைக்குழு 2007இல் வெளியிட்ட ஆய்வும் காட்டிற்று. இரண்டும் மிகமிகச் சிறிய அளவினவே என்று அதே ஆய்வு கூறியதையும் நேர்மை கருதிச் சொல்லல் வேண்டும்.

2022இல் இவ்விடைவெளியைக் குறித்து ஆணைக்குழு தன் உத்தியோகத்தருக்கு வழிகாட்டல் ஒன்றை விடுத்தது. சுழல்காற்றையும் அது எறியும் பொருள்களையும் தாங்கவேண்டுமென்ற நிபந்தனை, இக்குறுகிய நேர வேலைகளின்போது சில நிலையங்களில் முற்றாக நிறைவு செய்யப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். தகுந்த மாற்று ஏற்பாடுகளைக் கைக்கொள்ளும் நிலையங்கள்மீது ஒரு காலம்வரை நடவடிக்கை எடுப்பதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. வானிலை அறிவித்தலைக் கவனித்தல், கடுங்காற்று எதிர்பார்க்கப்படும்போது வேலையைத் தொடங்காதிருத்தல், தொடங்கிய பின் நிலைமை மாறினால் சுமையைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவருதல் என்பனவே அவ்வேற்பாடுகளின் சாரம். கொங்கிறீற்று நிற்கவேண்டிய இடத்திலே மனிதனுடைய விழிப்பு நிறுத்தப்பட்டது என்று இதைச் சுருங்கக் கூறலாம்.

இம்மாற்றத்தைத் தவறென்று நான் கூற வரவில்லை. விழிப்பும் ஒரு பாதுகாப்பே. ஆயினும் கொங்கிறீற்றுக்கும் விழிப்புக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சுவருக்கு எசமான் இல்லை. அது யாருக்கும் அஞ்சுவதில்லை. ஒப்பந்தம் முடியும் திகதி அதற்குத் தெரியாது. விழித்திருக்கும் மனிதனுக்கோ மேலதிகாரி உண்டு, சம்பளம் உண்டு, பிள்ளை குட்டிகள் உண்டு. எனவே விதியின் வலிமை, அதைக் காக்கும் மனிதனுடைய சுதந்திரத்தின் வலிமையைத் தாண்டிச் செல்லமாட்டாது.

முன்னறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பைச் சுழல்காற்றின் வரலாறே நன்கு விளக்கும். 1880களில் அமெரிக்க இராணுவத்தின் வானிலைச் சேவையிலிருந்த யோன் பின்லி என்பவர் சுழல்காற்று எந்நிலைமைகளில் உருவாகிறது என்று ஆராய்ந்து, முன்கூட்டி அறிவிக்கவும் முயன்றார். ஆனால் சில ஆண்டுகளில், அச்சொல்லையே அறிவித்தல்களிற் பயன்படுத்தலாகாது என மேலிடம் தடுத்தது. மக்கள் பீதியடைவர் என்பது கூறப்பட்ட நியாயம். 1938இல் தடை தளர்ந்த பின்னும், 1950 வரை பொதுமக்களுக்குச் சுழல்காற்று வருமென அறிவிக்க வானிலைத் திணைக்களம் தயங்கியே வந்தது. இதற்கிடையில், 1948 மார்ச் 20ஆந் திகதி ஒக்லகோமாவிலுள்ள ரிங்கர் விமானத்தளத்தை முன்னறிவித்தலின்றி வந்த சுழல்காற்று தாக்கிப் பல விமானங்களை நொறுக்கிற்று. போபுஷ், மில்லர் என்னும் இரு அதிகாரிகள் அந்நாளின் வானிலைக் குறிப்புகளை ஆராய்ந்தனர். ஐந்து நாட்களின் பின், மார்ச் 25ஆந் திகதி, அதேபோன்ற நிலைமைகளைக் கண்டு முன்னறிவித்தல் விடுத்தனர். தளத்தில் முன்னேற்பாடுகள் செய்யப்பட்டன. அன்று மாலையே சுழல்காற்று மறுபடியும் அத்தளத்தைத் தாக்கிற்று.

இங்கே சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. விமானங்களைக் காப்பதற்கு முன்னறிவு உடனே பயன்பட்டது. வயலிலும் குடிசையிலும் வாழ்ந்த சாதாரண மக்களுக்கோ, பீதியடைவார்கள் என்ற காரணத்தால், அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சொல்லே மறுக்கப்பட்டிருந்தது. மக்களின் அச்சத்தைப் பற்றிக் கவலைப்படுவோர், பெரும்பாலும் மக்கள் கேட்கக்கூடிய கேள்விகளைப் பற்றியே கவலைப்படுகின்றனர். காற்று வருமென்று ஒருவன் அறிந்தால், ஏன் எனக்கு உறுதியான வீடில்லை என்று அவன் கேட்பான் அல்லவா?

நிற்க, இவ்விடத்தே ஒரு தடை எழுப்பப்படலாம். ஒரு கோடியில் ஒன்று என்னும் நிகழ்தகவுக்காக வேலையை நிறுத்துவதும் தொடங்குவதும் அறிவுடைமையாகுமா என்று சிலர் வினவுவர். கலம் திறந்த நிலையிலிருக்கும் நேரம் ஆண்டிற் சில மணிநேரமே. அந்நேரத்திலேயே, அந்த இடத்திலேயே சுழல்காற்று வருமென்பது கற்பனைக்கெட்டாதது என்பர். இதுவரை இக்கலங்களிலிருந்து பொதுமக்களைப் பாதிக்கும் கதிர்க்கசிவு ஏற்பட்டதாகப் பதிவில்லை என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவர்கள் கூறும் கணக்கு பொய்யன்று. ஆனால் அந்தக் கணக்கு எந்த வினாவுக்கு விடை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நிகழ்தகவு என்பது பல்லாயிரம் ஆண்டுகளையும் பல்லாயிரம் இடங்களையும் ஒன்றாகக் கலந்து பெற்ற சராசரி. இன்று எந்நாள் என்று அறியாதவனுக்கு அது தக்க வழிகாட்டி. சித்திரை வெயிலில் கருமுகில் திரண்டு, இன்று மாலை இப்பிரதேசத்தில் சுழல்காற்று எழக்கூடும் என்ற அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தச் சராசரி விடையாகாது. அவன் நிற்பது ஆண்டுகளின் கூட்டத்திலல்ல. ஒரு குறிப்பிட்ட பிற்பகலில். அறிவித்தல் கிட்டியவுடனே அவனுடைய நிலை மாறிவிடுகின்றது. அறியாது தொடங்கியவன் துரதிட்டசாலி. அறிந்தும் தொடங்கியவன் சூதாடி. அதுவும் தன் பொருளை வைத்தன்று, பிறர் உயிரை வைத்து ஆடும் சூதாடி.

2011 சித்திரை மாதம் இதற்கொரு சான்று தந்தது. ஏப்ரில் 16ஆந் திகதி மாலை, முதன்முதல் உலர்சேமிப்பு அனுமதி பெற்ற அதே சறி நிலையத்தின் மின்மாற்று முற்றத்தைச் சுழல்காற்றொன்று தாக்கிற்று. வெளி மின்சாரம் அறுந்தது. இரு உலைகளும் தாமாகவே நின்றன. டீசல் இயந்திரங்கள் இயங்கத் தொடங்கின. உலைக் கட்டடங்களுக்கோ கலங்களுக்கோ கேடு நேரவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அதே மாநிலத்தின் வட அன்னா நிலையத்தில், நிலநடுக்கத்தினால் 115 தொன் எடையுள்ள கலங்கள் 25 தத்தம் இடத்தைவிட்டு ஓரங்குலம் முதல் நாலரை அங்குலம் வரை நகர்ந்தன, ஆயினும் உடையவில்லை. நிலைபெற்ற கலம் உறுதியானது என்பதற்கு இவை நற்சான்றுகள். அதேவேளையில், கணக்கில் மட்டும் வாழ்வதாக நாம் எண்ணும் காற்றும் நடுக்கமும் முகவரி தவறாது வந்து சேரக்கூடியவை என்பதற்கும் இவையே சான்று. அன்று மாலை ஒரு கலம் பாரந்தூக்கியில் தொங்கிக்கொண்டிருந்தால் என்ற வினாவுக்கு விடை கூறுவதே வானிலை விதியின் வேலை.

இவ்விதியை நடைமுறைப்படுத்துவதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வேலையை நிறுத்து என்று கூறுவது எளிது. ஆனால் நூறு தொன் சுமையை நினைத்த இடத்தில் வைத்துவிட்டு ஓட முடியாது. சுழல்காற்று எழக்கூடும் என்ற பொது அறிவித்தல் பல மணிநேரத்துக்குரியது. கண்ணாலோ றேடாராலோ அறிகுறி கண்ட பின் விடுக்கப்படும் இறுதி எச்சரிக்கையோ சராசரியாக ஏறத்தாழப் பத்து நிமிட அவகாசத்தையே தருகின்றது. பாதி இறங்கிய சுமையைப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? மேலே ஏற்றவும் இயலாது, கீழே முடிக்கவும் இயலாது தவிக்கும் நிலை ஏற்படலாம். ஆகவே உண்மையான தீர்மானம் முகில் கறுக்கும்போது எடுக்கப்படுவதன்று. சுமையைத் தூக்குமுன், வானம் தெளிவாயிருக்கும் காலையிலேயே எடுக்கப்படவேண்டியது. வருமுன் காத்தல் என்று நம்மவர் கூறியதன் முழுப்பொருளும் இங்கேதான் விளங்குகிறது. அறத்தின் வேளை ஆபத்தின் வேளைக்கு முந்தியது. ஆபத்து வந்த பின் காட்டும் வீரத்தைப் பலர் புகழ்வர். தெளிந்த வானத்தின்கீழ், இன்று தொடங்கவேண்டாம் என்று சொல்பவனைப் புகழ்வோர் அரியர். அவனைக் கோழை என்றும் வேலைக்கள்ளன் என்றும் ஏசுவோரே பலர்.

எனவே, கேள்வி இறுதியில் இங்கே வந்து நிற்கிறது: வேண்டாம் என்று சொல்லவேண்டியவன் யார்? சொன்னால் அவனுக்கு என்ன நேரும்?

வானிலையோடு தொடர்பில்லாத ஒரு சம்பவம் இதற்கு ஒளி தருகின்றது. 2018 ஓகஸ்ட் 3ஆந் திகதி, கலிபோர்ணியாவிலுள்ள சன் ஒனோபிரே நிலையத்தில் ஏறத்தாழ 50 தொன் எடையுள்ள உட்கலமொன்று நிலத்தடிக் காப்பறைக்குள் இறக்கப்பட்டது. வழியிலிருந்த உருக்கு வளையமொன்றில் அது தட்டி நின்றுவிட்டது. அடியைத் தொட்டுவிட்டதென எண்ணிய ஊழியர்கள் இறக்குதலைத் தொடர்ந்தமையாற் சுமையைத் தாங்கவேண்டிய வார்கள் தளர்ந்து தொங்கின. தரையிலிருந்து ஏறத்தாழ 18 அடி உயரத்தில், அந்தச் சிறு விளிம்பை மட்டுமே பிடித்துக்கொண்டு, முக்கால் மணிநேரத்துக்கு மேலாக அது நின்றது. கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்த ஊழியர் ஒருவர், அளவு எதிர்பார்த்தபடி இல்லையே எனக் கண்டதனாலேயே நிலைமை வெளிப்பட்டது. சில நாட்களின் பின் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில், அங்கு வேலை செய்த தொழிலாளி ஒருவர் எழுந்து நடந்ததைக் கூறிய பின்னரே ஊரார் செய்தியை அறிந்தனர். பயிற்சியும் மேற்பார்வையும் போதாமையாயிருந்தன என்பதை ஆணைக்குழுவின் விசாரணை கண்டது. உரிய நேரத்தில் அறிவிக்கத் தவறியமையும் குற்றமாகக் கொள்ளப்பட்டது. 2019இல் 116,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு நின்றிருந்த வேலை அதன் பின் மறுபடியும் தொடங்கிற்று.

அளவு கருவியைக் கூர்ந்து பார்த்தவரும், கூட்டத்தில் எழுந்து பேசியவரும் நிலையத்தின் அதிபர்களல்லர், உழைப்பாளர்கள். விதிப்புத்தகம் அவர்களைத் தன் கடைசி வரியிற்கூட வீரர் எனக் குறிப்பதில்லை. ஆயினும் விதிக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்களே. ஒப்பந்தக் கம்பனிகளின்கீழ் ஊர் ஊராகச் சென்று உழைப்போர் இத்துறையிற் பலர். கால அட்டவணை தவறினால் கம்பனிக்கு நட்டம். நட்டத்துக்குக் காரணமாயிருந்தவனுக்கு அடுத்த ஒப்பந்தத்தில் இடம் கிடைக்குமா என்ற ஐயம். இந்நிலையில் உள்ளவனிடம் வானத்தைப் பார்த்து நீயே தீர்மானி என்று கூறுவது, அவனுக்கு அதிகாரம் வழங்குவதாகாது; குற்றத்தை மட்டும் முற்கூட்டியே அவன் தலையில் ஏற்றி வைப்பதாகும். நிறுத்தும் உரிமையும், நிறுத்தியதற்காகத் தண்டிக்கப்படாத உறுதியும், அவ்வுறுதியைக் காக்கும் தொழிற்சங்கமும் இல்லாத இடத்தில், வானிலை விதி சுவரில் ஒட்டிய தாள் மட்டுமே.

இன்னும் ஒருபடி மேலே சென்று, இச்சுமைகள் ஏன் திறந்த வெளியில் நிற்கின்றன என்றும் கேட்கவேண்டும். 1982இல் இயற்றிய சட்டத்தின்படி, 1998 சனவரி 31ஆந் திகதிக்குள் எரிபொருளைப் பொறுப்பேற்கத் தொடங்குவதாக அமெரிக்க அரசாங்கம் வாக்களித்தது. 1987இல் நெவாடாவின் யக்கா மலை ஒன்றே ஆராயப்படவேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டது. நெவாடா மக்களும், அம்மலையைத் தம் முன்னோரின் நிலமாகக் கொள்ளும் மேற்குச் சோசோனி மக்களும் எதிர்த்தனர். 2010இல் அரசாங்கமே பின்வாங்கிற்று. வாக்குத் தவறியமைக்கு நட்டஈடாக மின்சாரக் கம்பனிகளுக்கு ஆயிரம் கோடி டொலருக்கு மேல் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கப்பட்டுள்ளது. கலங்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. என்றாவது ஒருநாள் அவை மீண்டும் தூக்கப்படவேண்டும். மீண்டும் சில மணிநேரம் வானத்தின் தயவில் நிற்கவேண்டும். இக்கழிவில் அடங்கிய புளூட்டோனியத்தின் அரைவாசி தேய்வதற்கே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும். அந்த மின்சாரத்தில் ஒரு விளக்கைக்கூட ஏற்றிப் பார்த்திராத சந்ததிகளே சுமையைத் தூக்கப்போகின்றன. இன்றைய தொழிலாளிக்கு நிறுத்து என்று கூறும் உரிமை அரைகுறையாகவாவது உண்டு. பிறவாதவர்களுக்கு அதுவுமில்லை. அவர்களுக்காக அச்சொல்லைச் சொல்லவேண்டியவர்கள் இன்று வாழ்பவர்களே.

விஞ்ஞானத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. காற்றை முன்னறியவும், காற்றைத் தாங்கும் கலத்தைச் செய்யவும் கற்றுக்கொண்ட அறிவை மதிக்கிறோம். மதிப்பதனாலேயே அதன் முழுப்பயனையும் கோருகிறோம். முன்னறிவை ஒரு சிலர் வைத்திருக்க, ஆபத்தைப் பலர் சுமக்க, தீர்மானத்தை இலாபக் கணக்கு எடுக்குமாயின், பழைய ஊழ் புதிய உடையில் திரும்பி வந்துவிட்டதென்றே கொள்ளவேண்டும். அறிவு எவ்வளவு தூரம் சென்றதோ, அவ்வளவு தூரம் நிறுத்தும் உரிமையும் செல்லட்டும். சுமையைத் தூக்குபவன் வானத்தை நிமிர்ந்து பார்த்து, இன்று வேண்டாம் என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய நாளிலேயே அவ்விதி உண்மையில் விதியாகும்.